பீட்டா வந்த வழி

பெர்லின் நகரத்துச் சாரிட்டே மருத்துவமனையில் 1927-இல் ஒரு பெண் கர்ப்பமா இல்லையா என்று சொல்வதற்கு ஐந்து சுண்டெலிகள் உயிரை விட வேண்டியிருந்தது. இன்னும் பருவமடையாத பெண் எலிகள். ஒவ்வொன்றும் ஆறிலிருந்து எட்டு கிராம் எடை. அந்தப் பெண்ணின் காலைச் சிறுநீரை எடுத்து, ஆறு தவணையாக எலிகளின் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவார்கள். ஏறத்தாழ நூறு மணி நேரம் கழித்து எலிகளைக் கொன்று வயிற்றைத் திறப்பார்கள். சினைப்பை வீங்கி, அதன்மேல் சிவந்த ரத்தப் புள்ளிகள் தெரிந்தால் பதில் 'ஆம்'. செல்மர் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற இரு மருத்துவர்கள் கண்டறிந்த முறை இது. அதுவரை நாடி பார்த்தும், வாந்தியை வைத்தும், நாள் தள்ளிப்போனதை எண்ணியும் ஊகித்துக்கொண்டிருந்த ஒரு விஷயத்துக்கு முதன்முறையாக நம்பகமான சோதனை கிடைத்தது.

இன்றைக்குத் திருச்சியிலோ திண்டுக்கல்லிலோ "பீட்டா எடுத்துட்டு வாங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டு அந்த எலிகளின் வழிவந்தது. இடுப்பிலோ வயிற்றிலோ கை வைக்காமல், முழங்கை மடிப்பில் ஒரு ஊசி, மூன்று நான்கு மில்லி ரத்தம், மஞ்சள் மூடிக் குழாய் ஒன்று, அவ்வளவுதான். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு எண் வந்து விழும். டாக்டரைப் பார்க்க மறுநாள் வரை நேரம் இருக்கும். அந்த இடைப்பட்ட இரவில், எண்ணை இணையத்து அட்டவணைகளோடு ஒப்பிட்டு, குறைவாக இருக்கிறதே என்று அழுத பெண்களை எனக்குத் தெரியும். ஒற்றை எண்ணாக நின்றால் அது மிகக் கொஞ்சம்தான் சொல்லும் என்று ரத்தம் எடுக்கும்போதே யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம். அது ஏன் என்பதற்கு, இந்தச் சோதனை நடந்துவந்த வழியைப் பார்த்தாக வேண்டும்.

ஆஷ்ஹைமும் சோண்டெக்கும் ஒரு விஷயத்தில் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுநீரில் இருந்து எலியின் சினைப்பையைத் தூண்டும் அந்தப் பொருள், தாயின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது என்று நம்பினார்கள். அந்தக் கேள்வி தீரும் முன்பே ஜெர்மனி மாறிவிட்டது. இருவரும் யூதர்கள். 1933-க்குப் பிறகு சோண்டெக் ஜெருசலேமுக்கும் ஆஷ்ஹைம் பாரிசுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். சோதனை அவர்களுக்கு முன்பே உலகம் சுற்றக் கிளம்பியிருந்தது. பென்சில்வேனியாவில் மாரிஸ் ஃப்ரீட்மேன் 1931-இல் எலிக்குப் பதில் முயலைப் பயன்படுத்தினார். காதோர ரத்தக்குழாயில் ஊசி போட்டால் போதும், இரண்டு நாளில் விடை. ஆனால் முயலும் சாக வேண்டும். கேப் டவுனில் லான்சலாட் ஹாக்பென் என்ற உயிரியலாளர் ஆப்பிரிக்க நகத்தவளையில் செய்திருந்த ஆய்வு அடுத்த வழியைத் திறந்தது. கர்ப்பிணியின் சிறுநீரிலிருந்து பிரித்த சாரத்தை ஊசியாகப் போட்டால் பெண் தவளை மறுநாள் காலைக்குள் முட்டையிட்டுவிடும். தவளை சாகவும் வேண்டாம், சில வாரம் ஓய்வு கொடுத்து மறுபடி பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவில் பிடித்த தவளைகள் கப்பலேறி இங்கிலாந்து மருத்துவமனைகளுக்குப் போயின. 1960-கள் வரை இந்தக் கதை தொடர்ந்தது.

சுரப்பது பிட்யூட்டரி அல்ல என்று காட்டியவர் ஜார்ஜியானா சீகர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஜார்ஜ் கேயின் திசு வளர்ப்புக் கூடத்தில், கண்ணாடிக் கலத்தில் நஞ்சுக்கொடியின் செல்களை மட்டும் தனியாக வளர்த்துப் பார்த்தபோது, அந்தச் செல்களே ஹார்மோனைச் சுரந்தன. பக்கத்தில் பிட்யூட்டரி கிடையாது, தாயும் கிடையாது. 1943-இல் இது அச்சேறியது. இந்தப் பெண்மணிதான் பின்னாளில் கணவர் ஹோவர்ட் ஜோன்ஸோடு சேர்ந்து நடத்திய நார்ஃபோக் மையத்தில் அமெரிக்காவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1981-இல் உருவாக வழிசெய்தார். ஆக, தாயின் சிறுநீரில் காணப்பட்ட பொருள் தாயினுடையது அல்ல. குழந்தையின் பக்கத்திலிருந்து வருவது. அதன் முழுப்பெயர் ஹியூமன் கோரியானிக் கொனடோட்ராபின். சுருக்கமாக எச்.சி.ஜி.

அது எதற்காக வருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு தரும் விஷயம். கருத்தரித்த முட்டை கருக்குழாய் வழியே நகர்ந்து கருப்பைக்கு வந்து, முட்டை வெளியான எட்டிலிருந்து பத்து நாளுக்குள் பெரும்பாலும் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கண்ணுக்கு ஒரு மணல் துகள் அளவுகூடத் தெரியாத உயிர். தாயின் உடலுக்கோ அது வந்த சேதியே தெரியாது. உடல் அடுத்த மாதவிலக்குக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது. முட்டை வெளிவந்த இடத்தில் சினைப்பையில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திசுதான் புரொஜெஸ்ட்ரோன் சுரந்து கருப்பையின் உட்சுவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதற்கு ஆயுள் ஏறத்தாழ பதினான்கு நாள். அது வாடினால் உட்சுவர் உதிரும், ஒட்டிய கருவும் கூடவே போய்விடும். இந்தக் கெடுவுக்குள் கருவின் வெளிப்புறச் செல்கள் எச்.சி.ஜி.யைச் சுரந்து தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தம் வழியே அது சினைப்பைக்குப் போய் மஞ்சள் திசுவை வாடவிடாமல் காக்கிறது. ஏழு எட்டு வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடி தானே புரொஜெஸ்ட்ரோன் சுரக்கத் தொடங்கிவிடும். அதுவரை இந்த ஹார்மோன்தான் கர்ப்பத்தைத் தாங்குகிறது.

அதன் அமைப்பில் ஒரு சிக்கல் உண்டு. எச்.சி.ஜி. இரண்டு புரதச் சங்கிலிகளால் ஆனது. ஆல்ஃபா சங்கிலியில் 92 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 145. இந்த ஆல்ஃபா சங்கிலி வேறு மூன்று ஹார்மோன்களிலும் அப்படியே இருக்கிறது: முட்டையை வெளியேற்றும் எல்.எச்., முட்டையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச்., தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். பிடி ஒன்றாகவும் பல் வேறாகவும் வார்த்த நான்கு சாவிகள் போல. பிடியை வைத்து அடையாளம் காணப் பார்த்தால் எல்லாச் சாவியும் ஒன்றுதான். எல்.எச். எல்லாப் பெண்களின் ரத்தத்திலும் எப்போதும் இருப்பது. ஆகவே எலி, முயல், தவளை மட்டுமல்ல, 1960-இல் ஸ்வீடனில் வைடும் கெம்செல்லும் உருவாக்கிய முதல் ஆன்ட்டிபாடி சோதனையும்கூட, எச்.சி.ஜி. மிகக் குறைவாக இருக்கும் முதல் நாட்களில் தடுமாறின. அது எல்.எச். ஆ, எச்.சி.ஜி. ஆ என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

வழி புற்றுநோய்ப் பக்கமிருந்து வந்தது. நஞ்சுக்கொடிச் செல்களிலிருந்து எழும் கோரியோகார்சினோமா என்ற புற்று, இளம் தாய்மார்களின் நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி வாரக்கணக்கில் கொன்றுவிடும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 1956-இல் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் அதற்கு மெதோட்ரெக்சேட் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் படத்தில் கட்டிகள் கரைந்து மறைந்தன. மருந்தால் மட்டுமே குணமான முதல் திடப் புற்று அதுதான் என்பார்கள். இங்கே லி செய்த ஒரு காரியம் முக்கியமானது. படத்தில் கட்டி மறைந்த பிறகும் அந்தப் பெண்களின் சிறுநீரில் எச்.சி.ஜி. கொஞ்சம் மிச்சமிருந்தது. அது முழுதாக மறையும்வரை மருந்தை நிறுத்த மாட்டேன் என்றார் லி. கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு நஞ்சை ஏற்றுகிறார் என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். 1957-இல் அவர் வெளியேற வேண்டியிருந்தது. பின்னாளில்தான் புரிந்தது: ஹார்மோன் மிச்சமிருக்கும்போதே மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பி வந்தது, லி பூஜ்யம் வரை கொண்டுபோனவர்களுக்கு வரவில்லை. 1972-இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. எச்.சி.ஜி.யை ஒரு முறை பார்த்து 'இருக்கிறது, இல்லை' என்று சொல்வதைவிட, திரும்பத் திரும்ப அளந்து போக்கைப் பார்க்க வேண்டும் என்ற பாடம் மருத்துவத்துக்கு முதலில் கிடைத்தது இங்கேதான்.

மெதோட்ரெக்சேட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அதை உருவாக்கிய லெடர்லே ஆய்வுக்கூடக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். 1948-இல் மறைந்தார், இந்த வெற்றியைப் பார்க்கவில்லை. அவருடைய மருந்து இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும்.

பூஜ்யம் வரை அளக்க வேண்டுமென்றால் எல்.எச். குறுக்கே வராத சோதனை வேண்டும். அதே தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜூடித் வைட்டுகைட்டிஸ், க்ளென் பிரான்ஸ்டீன், கிரிஃப் ராஸ் மூவரும் ஆல்ஃபாவை ஒதுக்கிவிட்டு, தனியே பிரித்தெடுத்த பீட்டா சங்கிலியை மட்டும் முயலுக்கு ஊசி போட்டார்கள். முயலின் உடல் அதற்கு எதிராக ஆன்ட்டிபாடி உருவாக்கியது. ஃப்ரீட்மேன் காலத்து முயல் வயிறு கிழிபட்டுச் சாக வேண்டியிருந்தது. இந்த முயல் உயிரோடு ரத்தம் கொடுத்தது. அந்த ஆன்ட்டிபாடியையும் கதிரியக்க அயோடினையும் வைத்துக் கட்டிய சோதனை, எல்.எச். எவ்வளவு இருந்தாலும் எச்.சி.ஜி.யைத் தனியாக அளந்தது. 1972-இல் அமெரிக்க மகப்பேறு இதழ் ஒன்றில் வெளியானது. நம் ஊர்ச் சீட்டில் 'பீட்டா' என்று எழுதுவது அன்று தொடங்கிய வழக்கம்.

வீட்டில் செய்யும் சிறுநீர் அட்டை இந்தக் குடும்பத்தின் இன்னொரு கிளை. மார்கரெட் கிரேன் என்ற வடிவமைப்பாளர் 1967-இல் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிட்டு, இதைப் பெண்கள் வீட்டிலேயே செய்யலாமே என்று யோசித்ததில் தொடங்கியது. நம் நாட்டில் அரசின் நிஷ்சய் அட்டையாகக் கிராமங்கள் வரை போயிருக்கிறது. அட்டை சொல்வது 'உண்டு, இல்லை' மட்டும். பெரும்பாலான கர்ப்பங்களுக்கு அதுவே போதும், ரத்தத்தில் பீட்டா பார்க்கத் தேவையே இல்லை. ரத்தப் போக்கு, வயிற்று வலி, முன்பு கருக்குழாயில் கரு தங்கியது, தொடர்ந்த கருச்சிதைவு, கருத்தரிப்பு மையத்தில் சிகிச்சை என்று ஏதாவது காரணம் இருந்தால்தான் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கும். காரணமே இல்லாமல் ஆசைக்கு எடுக்கும் பீட்டா, அதிகமும் தூக்கத்தைத்தான் கெடுக்கிறது.

ரத்தம் எடுத்த குழாயோடு கூடவே போவோம். எடுத்த ரத்தம் அரை மணி நேரம் நின்று உறையும். பிறகு சுழற்றும் இயந்திரத்தில் வைத்தால் ரத்த அணுக்கள் அடியில் தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் நிற்கும். அந்தச் சீரத்தில் ஒரு சொட்டை இயந்திரம் உறிஞ்சும். உள்ளே இரண்டு ஆன்ட்டிபாடிகள் காத்திருக்கின்றன. கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் கண்டறிந்த முறையில், ஒரே மாதிரியாகப் பெருக்கியெடுத்த ஆன்ட்டிபாடிகள். ஒன்று எச்.சி.ஜி.யை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும், இன்னொன்று மறுபக்கம். இரண்டாவதன் மேல் ஒளிவிடும் வேதிப்பொருள் ஒட்டியிருக்கும். ஒட்டாததைக் கழுவித் தள்ளிவிட்டு, மிச்சத்திலிருந்து வரும் வெளிச்சத்தை அளந்தால் எண் கிடைத்துவிடும். கதிரியக்க அயோடின் இப்போது இல்லை. கிட்டத்தட்ட இருபது நிமிட வேலை.

எண்ணுக்குப் பக்கத்தில் மில்லி யூனிட் என்று போட்டிருக்கும். அந்த அளவு எலிக்காலத்தின் மிச்சம். 1938-இல் சர்வதேசத் தரமாக ஒரு தூளை வைத்து, அதில் 0.1 மில்லிகிராம் செய்யும் வேலையை ஒரு யூனிட் என்று தீர்மானித்தார்கள். தூள் பலமுறை மாறி, தூய்மையாகி வந்திருக்கிறது, யூனிட் மட்டும் தொடர்கிறது. ரத்தத்தில் எச்.சி.ஜி.யும் ஒரே உருவில் இல்லை. முழுதாகவும், பீட்டா மட்டும் தனித்தும், உடைந்தும், சர்க்கரை கூடுதலாக ஒட்டியும் கலந்து திரிகிறது. ஒவ்வொரு கம்பெனியின் ஆன்ட்டிபாடியும் இவற்றில் எதை எவ்வளவு பிடிக்கும் என்பது மாறும். ஒரே ரத்தத்தை இரண்டு லேப்பில் கொடுத்தால் இரண்டு எண் வருவதில் ஆச்சரியமில்லை. அதனால்தான் இரண்டாவது முறையும் அதே லேப்புக்குப் போகச் சொல்கிறார்கள்.

பொதுவாக 5-க்குக் கீழே இருந்தால் கர்ப்பம் இல்லை, 25-க்கு மேல் இருந்தால் உண்டு, நடுவில் இருந்தால் இரண்டு நாள் கழித்து மறுபடி. அதற்கு மேலே போனதும் ஒற்றை எண்ணின் பலவீனம் தெரிந்துவிடுகிறது. ரிப்போர்ட்டின் அடியில் சின்ன எழுத்தில் வாரவாரியாக ஒரு அட்டவணை இருக்கும். பரவலாக அச்சிடப்படும் ஒன்றில், கடைசி மாதவிலக்கிலிருந்து ஐந்தாவது வாரத்துக்கு 18 முதல் 7,340 வரை என்று இருக்கிறது. நானூறு மடங்கு அகலமான எல்லை! 300 வந்தவளும் நன்றாக இருக்கலாம், 6,000 வந்தவளும் நன்றாக இருக்கலாம். இருவருக்கும் ஆபத்தும் இருக்கலாம். முட்டை சில நாள் தள்ளி வெளிவந்திருந்தால், கரு இரண்டு நாள் தாமதமாக ஒட்டியிருந்தால், எண் அதற்கேற்பத் தாழ்ந்து நிற்கும். நாற்பது நாள் சுழற்சி உள்ள பெண்ணை இருபத்தெட்டு நாள் கணக்கில் பொருத்திப் பார்த்துக் கலங்குவதில் அர்த்தமில்லை.

லி கற்றுக்கொடுத்த பாடம் இங்கே வேலைக்கு வருகிறது: இரண்டு முறை அள, போக்கைப் பார். ஆரம்ப வாரங்களில் இரண்டு நாளில் எண் இரட்டிப்பாக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சராசரிக்கு அருகில் உள்ள கணக்கு, குறைந்தபட்சக் கணக்கு அல்ல. 1981-இல் வந்த ஒரு ஆய்வு, 48 மணி நேரத்தில் 66 சதவீதமாவது ஏற வேண்டும் என்றது. அந்த எண் பாடநூல்களில் இருபது வருடத்துக்கும் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த ஆய்வில் இருந்த பெண்கள் மொத்தம் இருபது பேர். 2004-இல் கர்ட் பார்ன்ஹார்ட் குழுவினர் 287 பெண்களைப் பார்த்தபோது, நன்றாக வளர்ந்த கர்ப்பங்களில் மிக மெதுவான ஏற்றம் 53 சதவீதம் என்று தெரிந்தது. இன்னும் பெரிய தொகுதிகளை வைத்து, அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2018-இல் தந்த வழிகாட்டல், முதல் எண் 1,500-க்குக் கீழே இருந்தால் 49 சதவீதம், 1,500 முதல் 3,000 வரை இருந்தால் 40, அதற்கு மேலே போனால் 33 என்கிறது. எண் பெரிதாகப் பெரிதாக வேகம் குறைவது இயல்பு.

இந்த வித்தியாசம் காகிதத்தில் மட்டும் இல்லை. ஒரு பெண்ணுக்குத் திங்கள்கிழமை 140, புதன்கிழமை அதே நேரத்தில் 230 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 64 சதவீதம். 1990-இல் அவளிடம் இது தேறாத கர்ப்பம் என்று சொல்லியிருப்பார்கள், கருப்பையைச் சுரண்டி எடுத்தும் இருப்பார்கள். இன்றைய கணக்கில் அவளுக்கு ஸ்கேனுக்கான தேதி கொடுக்க வேண்டும். ஆசைப்பட்டு வந்த கரு ஒன்று, இருபது பேரின் ரத்தத்தை நம்பிய ஒரு எண்ணால் போயிருக்க முடியும் என்பதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

மெதுவாக ஏறினால், ஏறாமல் நின்றால், இறங்கி மறுபடி ஏறினால், டாக்டர் முதலில் நினைப்பது கருக்குழாய்க் கர்ப்பத்தைத்தான். கரு கருப்பைக்கு வராமல் வழியிலேயே குழாயில் தங்கிவிடுவது. குழாய்க்கு அதைத் தாங்கும் இடம் கிடையாது. வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும், சில மணி நேரத்தில் உயிரே போகக்கூடும். பீட்டாவின் மிகப் பெரிய உபகாரம் இதைச் சீக்கிரம் சந்தேகிக்க வைப்பது. எண் ஒரு அளவைத் தாண்டியும், யோனி வழி ஸ்கேனில் கருப்பைக்குள் பை தெரியவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும். முன்பு அந்த அளவை 1,500, 2,000 என்று வைத்திருந்தார்கள். நல்ல கர்ப்பத்தைத் தவறாகக் கலைத்துவிடக் கூடாது என்று இப்போது 3,500 வரை பொறுக்கச் சொல்கிறார்கள். ஆனால் கருக்குழாய்க் கர்ப்பங்களில் சுமார் ஐந்தில் ஒன்றில் எண் நல்ல கர்ப்பம்போலவே ஏறும். ஆகவே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், கண் இருட்டல் வந்தால் எண் என்ன என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் இருப்பவர் யாரானாலும், 'வாயுப் பிடிப்பா இருக்கும், சுக்குக் கஷாயம் குடி' என்று சொல்லாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். எண் குறைவாக இருக்கும்போதும் குழாய் வெடித்திருக்கிறது.

வெடிக்கும் முன்பே கண்டுபிடித்தால் பல பெண்களுக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், ஒரு ஊசி போதும். அந்த ஊசி மெதோட்ரெக்சேட். சுப்பாராவின் குழு தந்த மருந்தும், லி விடாமல் பார்த்த ஹார்மோனும், அரை நூற்றாண்டு கழித்து ஒரே பெண்ணின் சிகிச்சைச் சீட்டில் மறுபடி சந்தித்துக்கொள்கின்றன. ஊசி போட்டு நான்காம் நாளும் ஏழாம் நாளும் பீட்டா பார்ப்பார்கள். இடையில் 15 சதவீதமாவது இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. பிறகு வாரம் ஒரு முறை, கர்ப்பம் இல்லாத அளவுக்கு இறங்கும்வரை. கருச்சிதைவுக்குப் பிறகும் எண் உடனே மறையாது. இந்த ஹார்மோனின் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை; அதனால் உடல் இதை மெதுவாகத்தான் கழிக்கிறது, பாதியாகக் குறையவே ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாள் ஆகும். இழப்புக்குப் பின் வாரக்கணக்கில் வீட்டு அட்டையில் இரண்டு கோடு தெரிவது இதனால்தான். அதைப் பார்த்து மறுபடி நம்பிக்கை வைத்து உடைந்துபோகும் பெண்களுக்கு, இதை மருத்துவமனையை விட்டு அனுப்பும்போதே சொல்லி அனுப்ப வேண்டும்.

சோதனையே ஏமாற்றும் இடங்களும் உண்டு. சிலரின் ரத்தத்தில் விலங்குப் புரதங்களுக்கு எதிரான ஆன்ட்டிபாடிகள் இருக்கும். அவை இயந்திரத்துக்குள் இருக்கும் இரண்டு ஆன்ட்டிபாடிகளையும் இணைத்துவிட, எச்.சி.ஜி. இல்லாமலே எண் வரும். 1990-களில் அமெரிக்காவில் இப்படிப்பட்ட பொய் எண்ணை நம்பி, இல்லாத புற்றுக்குப் பெண்களுக்குக் கீமோதெரபி கொடுத்தார்கள், கருப்பையை எடுத்தார்கள். தீர்வு மிக எளிது. அந்த ஆன்ட்டிபாடிகள் சிறுநீரில் இறங்காது. ரத்தத்தில் எண் இருந்து சிறுநீரில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, நஞ்சுக்கொடித் திசு கட்டுக்கடங்காமல் வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் எச்.சி.ஜி. லட்சக்கணக்கில் பொங்கி ஆன்ட்டிபாடிகளை மூழ்கடித்துவிட, இயந்திரம் குறைவாகக் காட்டிவிடலாம். சீரத்தை நீர்த்துப் பார்த்தால் உண்மை வரும். முடி கொட்டுகிறது என்று அதிக அளவில் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் சில இயந்திரங்கள் குறைத்துக் காட்டும். கருத்தரிப்பு மையத்தில் முட்டை வெளிவரப் போடும் ஊசியே பெரும்பாலும் எச்.சி.ஜி.தான். போதிய நாள் பொறுக்காமல் சோதித்தால் ஊசியின் எச்சத்தையே கர்ப்பம் என்று காட்டும்.

ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிந்த பிறகு பீட்டாவுக்கு இந்த வேலை முடிந்தது. எட்டிலிருந்து பதினோரு வாரத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. பதினொன்று முதல் பதினான்கு வாரத்துக்குள் எடுக்கும் டபுள் மார்க்கர் என்ற ரத்தச் சோதனையில் தனித்த பீட்டா மறுபடி வருகிறது, இம்முறை டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கணிக்கும் ஒரு கணக்கின் பகுதியாக. தாயின் வயது, எடை, கழுத்துப் பின்புற ஸ்கேன் அளவு எல்லாம் அதில் சேரும். அதில் 'ஹை ரிஸ்க்' என்று வந்தால்கூட அது நோய் முடிவல்ல, அடுத்த சோதனைக்கான அழைப்பு. அது தனியே எழுத வேண்டிய கதை.

இந்தச் சோதனை கூர்மையானபோது வேறொன்றும் வெளியே வந்தது. ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், கருத்தரிக்க முயன்ற 221 பெண்களின் சிறுநீரைத் தினமும் சோதித்தார்கள். தோன்றிய கர்ப்பங்களில் 22 சதவீதம், கர்ப்பம் என்று வழக்கமான முறையில் தெரியவரும் முன்பே முடிந்துபோயிருந்தன. அந்தப் பெண்களுக்கு அது சில நாள் தள்ளி வந்த ஒரு மாதவிலக்கு. இன்று கருத்தரிப்பு மையத்தில் சிகிச்சைக்குப் பின் பதினான்காம் நாள் பீட்டா எடுக்கும் பெண்ணுக்கு அப்படி இல்லை. 42 என்று வந்து, இரண்டு நாளில் 18 ஆகி, பிறகு 5-க்குக் கீழே போகும்போது அவள் ஒன்றை இழக்கிறாள். 'கெமிக்கல் பிரெக்னன்சிதான், அதெல்லாம் கணக்கில்ல' என்று சொல்லி அனுப்புவது சரியல்ல. அவளுக்கு அது கணக்குத்தான்.

என் கோரிக்கை லேப் நடத்துபவர்களிடம். வாரவாரியான அந்த அகன்ற அட்டவணையை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்; அதனால் பயந்தவர்கள்தான் அதிகம். அந்த இடத்தில் நான்கு விவரம் போடுங்கள்: ரத்தம் எடுத்த நேரம், சோதித்த இயந்திரத்தின் பெயர், இதே பெண்ணின் முந்தைய எண், இரண்டுக்கும் இடையே போன மணி நேரமும் ஏறிய அல்லது இறங்கிய சதவீதமும். முதல் முறை சோதனை என்றால் முந்தைய எண்ணுக்கான கட்டம் காலியாகவே இருக்கட்டும், அதன் கீழே மறுபடி எப்போது வர வேண்டும் என்று தமிழில் ஒரு வரி அச்சிடுங்கள். குழாயில் ரத்தம் எடுக்கும் அக்காவிடம் "நம்பர் நார்மலா வருமாக்கா?" என்று கேட்கும் பெண்ணுக்கு, "ஒரு நம்பர்ல ஒண்ணும் சொல்ல முடியாதும்மா, வெள்ளிக்கிழமை இதே நேரத்துக்கு இங்கேயே வாங்க" என்று பதில் சொல்ல அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்.